இரு மொழி நிரலில் பிழை தேடும் முறை

முன்னுரை

கணினி என்பது பட்டணத்துப் பிள்ளைகளுக்கே உரியது என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைக்கும் நம் ஏழாயிரம்பண்ணையிலும் ரேஷன் கடைச் சாமான் முதல் ரயில் முன்பதிவுச் சீட்டு வரை கணினியின் வழியாகவே கைக்கு வருகிறது. "கணினி தவறு செய்யாது" என்று பெரியோர் பலர் சொல்வதுண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அது தவறுவதில்லைதான். ஆனால் அதற்குக் கட்டளை எழுதுபவர் மனிதர் அன்றோ! கட்டளையில் பிழை இருந்தால் கணினி அந்தப் பிழையையும் ஒரு நொடியில் இலட்சம் முறை செய்து முடித்துவிடும்.

கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்பை நிரல் என்கிறோம். ஒரே மொழியில் எழுதிய நிரலில் பிழை தேடுவது ஓரளவு எளிது. ஒரு மொழிக்குள் இன்னொரு மொழி ஒளிந்திருக்கும் நிரலில் பிழையைத் தேடுவது எப்படி? அதனைத் திரையில் சாளரங்கள், பொத்தான்கள் ஆகியவற்றின் உதவியோடு செய்வது எப்படி? இவற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

பிழைக்குப் 'பூச்சி' என்று பெயர் வந்த கதை

நிரலில் உள்ள பிழையை ஆங்கிலத்தில் 'பக்' என்பர். பூச்சி என்று பொருள். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து 'மார்க் 2' கணினி சரியாக வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தபோது ஒரு ரிலேயின் இடையில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அக்குழுவில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இக்கதையை உலகறியச் செய்தார். அவர் பின்னாளில் அமெரிக்கக் கடற்படையில் உயர்ந்த பதவி வகித்தவர். கணினி மொழிகள் மனிதர் பேசும் மொழியை ஒத்திருக்க வேண்டும் என்று வாதாடியவர். 'பக்' என்ற சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. எடிசன்கூடப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதனைக் கையாண்டிருக்கிறார். ஆயினும் உண்மையான பூச்சியையே பிடித்த பெருமை மார்க் 2 குழுவினரையே சேரும். பிழை நீக்கும் வேலைக்கு 'டீபக்கிங்' என்றும், அதற்கு உதவும் மென்பொருளுக்கு 'டீபக்கர்' என்றும் பெயர்.

பைத்தானும் சி மொழியும்

பைத்தான் என்பது நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட கணினி மொழி. மலைப்பாம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'மான்ட்டி பைத்தான்' என்ற பி.பி.சி. தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரையே அவர் தம் மொழிக்குச் சூட்டினார். படிக்கவும் எழுதவும் எளிதான மொழி இது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் 'எழில்' என்னும் மொழியையும் முத்து அண்ணாமலை பைத்தானைக் கொண்டே அமைத்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சி மொழி இதற்கு மூத்தது. 1972ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி இதனை உருவாக்கினார். சி நிரலை முதலில் 'கம்பைலர்' என்னும் மென்பொருளிடம் கொடுக்க வேண்டும். அது நிரல் முழுவதையும் இயந்திரத்திற்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும். அதன்பின் அது மின்னல் வேகத்தில் ஓடும்.

இவ்விரண்டின் வேறுபாட்டை நம் ஊர்த் தொழிலைக் கொண்டே விளக்கலாம். பைத்தான், கையால் தீப்பெட்டி செய்வது போன்றது. ஒவ்வொரு வேலையையும் அவ்வப்போது பார்த்துப் பார்த்துச் செய்கிறது. மாற்ற நினைத்தால் உடனே மாற்றலாம். ஆனால் வேகம் குறைவு. சி மொழி, இயந்திரத் தீப்பெட்டி போன்றது. இயந்திரத்தைப் பூட்டி அமைக்கும் வரை பாடு. அமைத்துவிட்டால் வேகத்திற்குக் குறைவில்லை.

நீட்சித் தொகுதி என்றால் என்ன?

இரண்டின் நன்மையும் வேண்டும் என்று விரும்பியவர்கள் ஒரு வழி கண்டார்கள். நிரலின் பெரும்பகுதியைப் பைத்தானில் எழுதிக்கொண்டு, கடுமையான கணக்குகளை மட்டும் சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்து, பைத்தானோடு இணைத்துவிடுவதே அவ்வழி. இவ்வாறு இணைக்கப்படும் பகுதியை 'எக்ஸ்டென்ஷன் மாட்யூல்' என்பர். நாம் அதனை நீட்சித் தொகுதி என்று அழைப்போம். உலகெங்கும் விஞ்ஞானிகள் பயன்படுத்தும் 'நம்பை' என்னும் தொகுதி இவ்வகையைச் சேர்ந்தது. அதன் உட்பகுதி சி மொழியால் ஆனது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியான கருந்துளையின் முதல் படத்தை உருவாக்குவதற்கும் நம்பை பயன்பட்டது.

இது நமக்கு எட்டாத பொருளன்று. தமிழ்நாட்டில் 2019இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் 14ஆவது பாடமே, சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தானுடன் இணைப்பது பற்றியதுதான். சைத்தான், ஸ்விக், பூஸ்ட் பைத்தான், சிடைப்ஸ் முதலிய இணைப்புக் கருவிகளின் பெயர்களையும் அப்பாடத்தில் காணலாம். அப்பாடத்தில் செய்து காட்டும் முறை வேறு. அங்கே பைத்தான், கம்பைலரை அழைத்து, சி பிளஸ் பிளஸ் நிரலைத் தனி நிரலாக மாற்றி, தனியாக ஓடவிடுகிறது. நீட்சித் தொகுதியோ தனியாக ஓடுவதில்லை. பைத்தானின் உள்ளேயே புகுந்து ஓடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிழை தேடுவதின் சிரமங்கள் யாவும் பிறக்கின்றன.

ஒரே அறையில் இருவர்

பட்டாசு ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆலையில் மருந்து கலக்கும் அறை வேறு, மருந்து செலுத்தும் அறை வேறு, பெட்டியில் அடைக்கும் அறை வேறு. ஒவ்வோர் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும். ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் இருக்கலாம் என்று விதிகள் உண்டு. ஓர் அறையில் நேரும் தீ மற்றோர் அறைக்குத் தாவக்கூடாது என்பதே இவ்விதிகளின் நோக்கம். விதி மீறப்படும்போது என்ன ஆகும் என்பதை நம் வட்டாரத்தாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை.

கணினிக்குள்ளும் இவ்வாறே அறைகள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் இயக்க அமைப்பு நினைவகத்தில் தனி அறை ஒதுக்கித் தருகிறது. இதற்கு 'பிராசஸ்' என்று பெயர். பாடநூல் முறையில் பைத்தானுக்கு ஓர் அறை, சி பிளஸ் பிளஸ் நிரலுக்கு மற்றோர் அறை. ஆகவே சி பிளஸ் பிளஸ் நிரல் வீழ்ந்தாலும் பைத்தான் பிழைத்துக்கொள்ளும். நீட்சித் தொகுதியோ பைத்தானின் அறைக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்கிறது. தொகுதி தனக்கு உரிமையில்லாத நினைவிடத்தைத் தொட முற்பட்டால் இயக்க அமைப்பு அந்த அறையையே இழுத்து மூடிவிடும். பைத்தானும் சேர்ந்தே வீழும்.

சாதாரணப் பைத்தான் பிழையில் எந்தக் கோப்பு, எந்த வரி என்று பைத்தான் அழகாக எழுதிக் காட்டும். இங்கோ 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற இரண்டு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடும். அதைவிடப் பொல்லாத பிழையும் உண்டு. எதுவும் வீழாமல், தவறான விடையைச் சரியான விடைபோலக் காட்டுவதே அது. அத்தகைய ஒன்றை இனிப் பார்ப்போம்.

தீக்குச்சிக் கணக்கு

ஒரு பண்டலில் 600 தீப்பெட்டி, ஒரு பெட்டியில் 50 குச்சி என்று கொள்வோம். பண்டலின் எண்ணிக்கையைக் கொடுத்தால் மொத்தக் குச்சிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் சிறு நீட்சித் தொகுதி ஒன்றைச் சி மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதில் முக்கியமான வரிகள் இரண்டே. முதல் வரி பண்டலை 600ஆல் பெருக்கிப் 'பெட்டி' என்ற மாறியில் வைக்கிறது. இரண்டாம் வரி பெட்டியை 50ஆல் பெருக்கிக் 'குச்சி' என்ற மாறியில் வைக்கிறது. இரு மாறிகளும் 'இன்ட்' என்னும் முழு எண் வகை.

பைத்தானிலிருந்து 10 பண்டல் என்று கேட்டால் 3 இலட்சம் என்று சரியாகச் சொல்லும். 70,000 பண்டல் என்றால் 210 கோடி என்று சரியாகச் சொல்லும். 1 இலட்சம் பண்டல் என்றால் 300 கோடி என்று வரவேண்டும் அல்லவா? வருவதோ கழித்தல் குறியோடு 129 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296! குச்சிகள் இருக்கின்றனவா, அல்லது நாம்தான் ஆலைக்குக் கடன்பட்டிருக்கிறோமா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இது சிரித்துவிட்டு விடக்கூடிய பிழையன்று. பைத்தான் எந்தக் குறையும் கூறவில்லை, நிரலும் வீழவில்லை. பைத்தான் பகுதியைப் பத்து முறை படித்தாலும் பிழை தென்படாது. ஏனெனில் பிழை அங்கே இல்லை.

தேடுமுன் செய்ய வேண்டிய ஆயத்தம்

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் அறிந்த பின்னரே அதனைத் தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவருக்கு அறிவுரை கூறுகிறார். நம் ஊரில் 'மருந்து' என்றால் பட்டாசு மருந்துதான் முதலில் நினைவுக்கு வரும்; எனினும் அறிவுரை எந்த மருந்துக்கும் பொருந்தும்.

காரணம் அறிவதற்கு முதலில் அடையாளம் வேண்டும். பட்டாசுப் பெட்டியின்மேல் எந்த ஆலை, எந்த மாதம் என்று அச்சடித்திருந்தால்தான், வெடிக்காத வெடி எங்கிருந்து வந்தது என்று கண்டறிய முடியும். கம்பைல் செய்த தொகுதியில் அத்தகைய அடையாளம் எதுவும் இராது. 'பெட்டி', 'குச்சி' என்று நாம் இட்ட பெயர்களெல்லாம் மறைந்து, வெறும் எண்களே எஞ்சி நிற்கும். ஆகவே கம்பைல் செய்யும்போதே 'டீபக் அடையாளங்களையும் சேர்த்து வை' என்று கம்பைலரிடம் சொல்ல வேண்டும். ஜிசிசி கம்பைலரில் 'ஜி' என்ற குறி இதற்கு உரியது.

இரண்டாவதாக, 'வேகப்படுத்தும் மாற்றங்களைச் செய்யாதே' என்றும் சொல்ல வேண்டும். வேகத்திற்காகக் கம்பைலர் வரிகளை முன்பின்னாக மாற்றும். சில மாறிகளை அடியோடு நீக்கியும் விடும். அப்படிச் செய்த நிரலை ஒவ்வொரு வரியாகப் பார்த்தால், குறி முன்னும் பின்னும் தாவி நம்மைக் குழப்பும். பிழை தேடி முடிந்தபின் வேகத்தைத் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, எந்தப் பைத்தானுக்காகத் தொகுதியைக் கட்டினோமோ அதே பைத்தானைக் கொண்டே ஓட்ட வேண்டும். ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் குடியிருப்பது உண்டு. நாம் புதிதாகக் கட்டிய தொகுதி ஒன்றாகவும், பைத்தான் எடுத்துக்கொண்ட பழைய தொகுதி வேறாகவும் இருந்தால் நாள் முழுதும் தேடினாலும் பயனில்லை.

திரையில் தேடும் முறை

1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய 'ஜிடிபி' என்னும் டீபக்கர் இன்றும் பெரும்புகழோடு விளங்குகிறது. அதில் எல்லாவற்றையும் கட்டளைகளாகத் தட்டச்சு செய்ய வேண்டும். புதிதாகப் பயில்வோருக்கு அது சற்று அச்சம் தரும். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' போன்ற நிரலாக்கச் சூழல்களில் அதே ஜிடிபியைப் பொத்தான்களின் வழியாக இயக்கலாம். இச்சூழல் விலையின்றிக் கிடைக்கிறது. அதில் பைத்தானுக்கு ஒரு துணைநிரலும், சி மொழிக்கு ஒரு துணைநிரலும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று. நீட்சித் தொகுதி தானாக ஓடும் நிரலன்று. அதை ஓட்டுவது பைத்தான். ஆதலால் டீபக்கர் பிடிக்க வேண்டியது தொகுதியை அன்று. பைத்தானையே பிடிக்க வேண்டும். பேருந்தில் வரும் உறவினரைச் சந்திக்க வேண்டுமானால் பேருந்தை நிறுத்தித்தானே ஆகவேண்டும்! லினக்ஸ் கணினியில் இதனைச் செய்யும் படிகள் வருமாறு:

1. பைத்தான் கோப்பைத் திறந்து, தொகுதியை அழைக்கும் வரியில் 'எஃப் 9' விசையை அழுத்த வேண்டும். வரியின் இடப்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றும். இது நிறுத்தப் புள்ளி. பின்னர் 'எஃப் 5' அழுத்தினால் நிரல் ஓடி வந்து அப்புள்ளியில் நிற்கும்.

2. ஓடும் ஒவ்வொரு பிராசஸுக்கும் இயக்க அமைப்பு ஓர் எண் கொடுத்திருக்கும். நம் பைத்தானின் எண்ணை அறிந்துகொள்ள வேண்டும். பைத்தானிடமே கேட்டால் அது சொல்லிவிடும்.

3. இப்போது இரண்டாவது டீபக்கரான ஜிடிபியைத் தொடங்கி, 'ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸுடன் இணை' என்ற முறையைத் தேர்ந்து, அந்த எண்ணைக் காட்ட வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் ஒரு பிராசஸ் மற்றொன்றை இவ்வாறு பற்றிக்கொள்வதற்குப் பாதுகாப்புக் கருதித் தடை உண்டு. அனுமதி கேட்டு வந்தால் அஞ்ச வேண்டாம். கணினிக்குப் பொறுப்பானவரின் சம்மதத்தோடு அனுமதி தர வேண்டும்.

4. அடுத்து, சி கோப்பைத் திறந்து 'பெட்டி' கணக்கிடும் வரியில் ஒரு நிறுத்தப் புள்ளி இட வேண்டும். புள்ளி நிறைவாகத் தெரியாமல் வெற்று வட்டமாகத் தெரிந்தால், தொகுதியைப் பைத்தான் இன்னும் ஏற்றவில்லை என்றோ, அடையாளங்கள் சேர்க்கப்படவில்லை என்றோ பொருள்.

5. முதலில் ஜிடிபியையும், அதன்பின் பைத்தான் டீபக்கரையும் 'தொடர்க' என்று விட வேண்டும். பைத்தான் வரியில் நின்றுகொண்டு உள்ளே நுழையும் 'எஃப் 11' விசையை அழுத்தினாலும் பைத்தான் டீபக்கர் சி மொழிக்குள் நுழையாது, தாண்டியே போகும். அதற்குச் சி மொழி தெரியாது. ஆகையால்தான் நான்காம் படியில் சி கோப்பில் நாமே புள்ளி இட்டோம்.

6. இப்போது திரை மாறி, சி கோப்பின் வரியில் மஞ்சள் நிறக் குறி நிற்கும். இந்நேரம் பைத்தான் டீபக்கரின் பொத்தான்களைத் தொட்டால் அது அசையாது. பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை. பைத்தான் டீபக்கர் அதே அறைக்குள் வாழ்வது. ஜிடிபி அறை முழுவதையும் உறையவைத்திருப்பதால் அதுவும் உறைந்து நிற்கிறது.

7. இடப்பக்கத்து மாறிகள் சாளரத்தைப் பார்க்க வேண்டும். 'பண்டல்' 1,00,000 என்று இருக்கும். அதாவது, பைத்தான் கொடுத்த எண் பழுதின்றி வந்து சேர்ந்துவிட்டது. 'எஃப் 10' அழுத்தி ஒரு வரி நகர்ந்தால் 'பெட்டி' 6 கோடி என்று வரும். இதுவும் சரியே. மறுபடி 'எஃப் 10' அழுத்தினால் 'குச்சி' கழித்தல் எண்ணாக மாறி நிற்கும். அகப்பட்டது பிழை! ஆயிரம் வரி இருந்தாலும், சரியாக இருந்த கடைசி இடத்திற்கும் தவறான முதல் இடத்திற்கும் இடையே உள்ள ஒரு வரியைத் தேடிப் பிடிப்பதே இக்கலையின் சாரம்.

விண்டோஸ் கணினியில் 'விஷுவல் ஸ்டுடியோ' என்னும் பெரிய சூழலைப் பயன்படுத்துவோருக்கு இன்னும் வசதி உண்டு. அதில் 'இயந்திர மொழிப் பிழைதேடலையும் சேர்' என்ற அமைப்பை இயக்கிவிட்டால், பைத்தானும் சி மொழியும் ஒரே டீபக்கரில் அடங்கும். பைத்தான் வரியிலிருந்து சி வரிக்கு நேராக நுழையலாம். யார் யாரை அழைத்தார்கள் என்ற வரிசைப் பட்டியலில் இரு மொழிகளும் கலந்தே தோன்றும். இதற்குப் பைத்தானுடைய டீபக் அடையாளங்களும் வேண்டும். பைத்தானை நிறுவும்போதே அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பிழையின் காரணமும் தீர்வும்

பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லை கிடையாது. நினைவகம் இடம் தரும் வரை எவ்வளவு பெரிய எண்ணையும் அது தாங்கும். சி மொழியின் 'இன்ட்' அப்படியன்று. நாம் பயன்படுத்தும் கணினிகளில் அதற்கு 32 பிட் இடமே உண்டு. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647. எனவே 71,582 பண்டல் வரை கணக்குச் சரியாக வரும். 71,583ஆவது பண்டலில் எல்லை கடந்துவிடும். சைக்கிள் மீட்டர் 9999ஐத் தாண்டியதும் 0000க்குத் திரும்புவது போல, இவ்வெண் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக் கழித்தல் எண்ணுக்குச் சுற்றிவிடுகிறது. சி மொழியின் விதிப்படி அப்போது என்ன ஆகும் என்பதற்கு உறுதியே கிடையாது. 

தீர்வு, 64 பிட் கொண்ட 'லாங் லாங்' வகையைப் பயன்படுத்துவது. இங்கும் கவனம் தேவை. 'குச்சி'யை மட்டும் பெரிதாக்கினால் போதாது. 'பெட்டி' சிறிய வகையாகவே இருந்தால் பெருக்கல் சிறிய இடத்திலேயே நடந்து, கெட்ட பிறகே பெரிய இடத்திற்கு வந்து சேரும். சிறிய குடத்தில் நீர் நிரப்பி வழியவிட்டபின் பெரிய அண்டாவில் ஊற்றினால் வழிந்த நீர் திரும்புமா? ஆகவே பெட்டி, குச்சி இரண்டையும் பெரிதாக்க வேண்டும். விடையைப் பைத்தானுக்குத் திருப்பித் தரும் செயற்கூறும் 'லாங் லாங்' வகைக்கு உரியதாக இருக்க வேண்டும். 'லாங்' என்ற வகை 64 பிட் லினக்ஸில் 64 பிட். விண்டோஸிலோ 32 பிட்டே. இதனால் லினக்ஸில் சரியாக ஓடிய தொகுதி விண்டோஸில் தவறான விடை தருவதும் உண்டு.

திருத்திய பின் தொகுதியைத் திரும்பக் கட்ட வேண்டும்; பைத்தானையும் மூடித் திறக்க வேண்டும். ஒருமுறை ஏற்றிய நீட்சித் தொகுதியைப் பைத்தான் மறுபடி படிப்பதில்லை. இறுதியாக 71,582, 71,583, 1 இலட்சம் ஆகிய மூன்றையும் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். எல்லையின் இருபுறமும் சோதிப்பதே சோதனை.

இன்னும் சில பிழைகள்

பைத்தான் தன் பொருள் ஒவ்வொன்றுக்கும் 'இதனை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்' என்று கணக்கு வைத்திருக்கும். கணக்கு பூச்சியமானால் அப்பொருளை நீக்கிவிடும். சி மொழியில் எழுதும்போது இக்கணக்கை நாமே எழுத வேண்டும். நூலகத்தில் நூலைத் திருப்பித் தந்த பின்னும் பதிவேட்டில் அடிக்காமல் விட்டால் அந்நூல் யாருக்கும் பயனின்றிப் போகும். இவ்வாறு நினைவகம் வீணாவது ஒருவகைப் பிழை. திருப்பித் தராத நூலைத் தந்ததாக அடித்துவிட்டால் ஒரே நூலுக்கு இருவர் உரிமை கோருவர். இது அதைவிடக் கொடிய பிழை. இதில் பிழை செய்த இடம் ஒன்றாகவும், நிரல் வீழும் இடம் வேறொன்றாகவும் இருக்கும்.

நிரல் சொல்லாமல் வீழும்போது உதவ 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் 'ஃபால்ட் ஹேண்ட்லர்' என்னும் தொகுதி உடன் வருகிறது. அதனை இயக்கி வைத்தால், வீழும் தருணத்தில் எந்தப் பைத்தான் வரியில் நின்றது என்பதையாவது எழுதிவிட்டுப் போகும். எங்கே நிறுத்தப் புள்ளி இடலாம் என்பதற்கு அதுவே முதல் தடயம்.

ஓர் எண் வீழ்த்திய ராக்கெட்

எண் எல்லை கடந்ததால் என்ன பெரிய நட்டம் வந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 'ஏரியன் 5' ராக்கெட் தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவிலிருந்து முதன்முறையாகப் புறப்பட்டது. சுமார் 40 வினாடிகளில் அது வானிலேயே சிதறியது. காரணம் யாது? 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் அடங்கவில்லை. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் 32,767. அந்நிரல் ஏரியன் 4 ராக்கெட்டிற்காக எழுதப்பட்டது. பழைய ராக்கெட்டில் அந்த எண் எல்லையைக் கடந்ததே இல்லை. புதிய ராக்கெட்டின் பாதை வேறு என்பதால் கடந்தது. நல்ல வேளையாக அதில் மனிதர் எவரும் செல்லவில்லை.

நம் தீக்குச்சிக் கணக்கிலும் நடந்தது இதுவே. எண்ணின் அளவைப் பற்றி இரு பக்கத்தாரும் வெவ்வேறாக நினைத்துக்கொண்டிருந்தால் எல்லைக்கோட்டில் பிழை காத்திருக்கும்.

முடிவுரை

பிழை தேடுவது ஆற்றல் குறைந்தவர் செய்யும் வேலை என்று எண்ண வேண்டாம். பொறுமை, ஒழுங்கு, கூர்ந்து நோக்கும் கண் ஆகியவை அதற்குத் தேவை. இவை நம் வட்டாரத்துப் பெண்களுக்குப் புதியவையல்ல. வளைந்த திரி, குறைந்த மருந்து, ஒட்டாத தாள் என ஒவ்வொன்றையும் ஒரு பார்வையில் கண்டுகொள்ளும் நம் அன்னையரின் கண்களே இதற்குச் சான்று. அவர்கள் பிழையைக் கண்டால் அந்த ஒரு வெடியை எடுத்துத் தனியே வைப்பதோடு நில்லாமல், முந்தைய அறையில் யார் என்ன செய்தார்கள் என்றும் விசாரிப்பார்கள். காரணம் அறியும் கலை அதுவேயன்றோ!

பத்தாம் வகுப்பை முடிக்கும் நாம் அடுத்து எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்று பெற்றோருடன் கலந்து பேசும் காலம் இது. கணினி அறிவியல் நமக்குக் கடினம் என்று பார்க்காமலே ஒதுக்கிவிட வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். விலையில்லாத மென்பொருளும், ஒரு கணினியும், விடாமுயற்சியும் இருந்தால் இக்கட்டுரையில் சொன்ன சோதனையை எந்த மாணவியும் செய்து பார்க்கலாம். விடை தவறாக வரும்போது கணினியின்மேல் பழி போடாமல், எந்த வரி வரை சரியாக இருந்தது என்று ஒரு நிறுத்தப் புள்ளி இட்டுப் பார்ப்போம். பிழை தானாக வெளிப்படும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ஏழாயிரம்பண்ணை